சரிவுப் பலகையும் அதிகாரியின் சப்பாத்தும்

தேயிலைக் கொழுந்தோடு எங்களையும் ஏற்றிப்போன லோரி கவிழ்ந்து என் முதுகெலும்பு போய் மூன்று வருஷமாகிறது. அன்றிலிருந்து என் கால் இரண்டும் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி. கூடவே இருக்கும், ஒரு வேலை செய்யாது.

மாதம் இரண்டு தடவை தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குப் பிசியோவுக்குப் போகவேண்டும். பழைய பஸ்ஸுக்கு மூன்று படி. என் புருஷன் என்னை முதுகில் சுமந்துகொண்டு ஏறுவார். கல்யாணத்தன்று என் கையைப் பிடிக்கவே கூச்சப்பட்ட மனுஷன், இப்போது பஸ்ஸே பார்க்க அரிசி மூட்டை மாதிரி தூக்கினார். மூச்சிரைக்க, "ஒண்ணும் கனமில்ல," என்று பொய் வேறு. காதைக் கடிக்கலாம் போலிருக்கும். கீழே போட்டுவிடுவாரே என்று விட்டுவிடுவேன்.

போன வருஷம் புது பஸ் விட்டார்கள். படியே இல்லை. கதவுக்குப் பக்கத்தில் வீல்சேர் படம். உள்ளேயிருந்து மடக்கிவைத்த பலகையை எடுத்துப் போட்டால் வீல்சேர் அப்படியே ஏறிவிடும் என்றார்கள். நானும் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் எஸ்டேட் முச்சந்தியில் நடைபாதை கிடையாது. ரோட்டை விடத் தாழ்ந்த செம்மண் ஓரம், அதை ஒட்டிக் கால்வாய். டிரைவர் பலகையைப் போட்டதும் அது பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிற பலகை மாதிரி நின்றது.

"அக்கா, இது ஏத்தம் இல்ல லா, மலை," என்றார் அவர்.

அவரும் என் புருஷனும் சேர்ந்து தள்ளினார்கள். பாதியில் முன்சக்கரம் தூக்கிக்கொண்டது. ரோடு மறைந்து வானம் தெரிந்தது. அலறி இறங்கி, மறுபடி புருஷன் முதுகு. படத்தில் இருந்த ஆள் மட்டும் ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பஸ் ஆபீசுக்குப் போன் போட்டேன். பிறகு வாரம் தவறாமல் போட்டேன். என் குரலைக் கேட்டாலே அந்த ஆபீஸ் பெண் பெருமூச்சு விடுவாள். கடைசியில் ஒரு மலாய்க்கார அதிகாரி, பளபளக்கும் சப்பாத்தோடு, போட்டோ எடுக்கிறவரையும் கூட்டிக்கொண்டு முச்சந்திக்கே வந்தார். நான் சிரித்தபடி பஸ்ஸில் ஏறவேண்டுமாம்.

"என்சிக், முதல்ல நீங்க ஏறிக் காட்டுங்க. பார்த்தா எனக்குத் தைரியம் வரும்," என்று மலாயில் மரியாதையாகச் சொன்னேன்.

புருஷன் என்னைத் தூக்கி ரோட்டோரப் பெஞ்சில் உட்கார வைத்தார். அதிகாரி என் வீல்சேரில் உட்கார்ந்து காமிராவுக்குச் சிரித்தார். டிரைவர் தள்ளினார். பாதிப் பலகையில் அந்தச் சிரிப்பு காணாமல் போனது.

"உண்டூர்! உண்டூர்!" பின்னால் போ, பின்னால் போ என்று கத்தினார். ஒரு சக்கரம் பலகையை விட்டு நழுவியது. டிரைவர் அவரைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றினார். இடது கால் சப்பாத்து மட்டும் கால்வாய்க்குள் போய் விழுந்தது.

நான் சிரித்துவிட்டேன். வயிறு வலிக்கச் சிரித்தபிறகு, அவர் இன்னும் டிரைவர் சட்டையை விடாமல் பிடித்திருப்பதைப் பார்த்தேன். பாவமாகிவிட்டது.

அவர் கோபப்படவில்லை. காலுறையோடு மண்ணில் நின்று அளவு டேப் கேட்டார். பிறகு என்னிடம் வந்து, "இங்க மேடை எவ்வளவு உயரம் வேணும்?" என்றார். இந்த மூன்று வருஷத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி.

"பலகை கிட்டத்தட்ட மட்டமா படுக்கணும். நாற்காலி திரும்ப இடம் வேணும். மழையில வழுக்கக் கூடாது," என்றேன். எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து அந்த இடத்தில் சிமெண்டு மேடை எழும்பியது. ஏறிப்போகச் சாய்வான பாதையும் போட்டார்கள்.

அடுத்த பிசியோவுக்குத் தனியாகக் கிளம்பினேன்.

"நானும் வரட்டா?" என்றார் புருஷன்.

"வேணாம்."

டிரைவர் பலகையைப் போட, நானே சக்கரத்தை உருட்டி உள்ளே போனேன். கண் கலங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிசியோ முடிந்து டவுனில் ஒரு கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. புருஷன்.

"பஸ் வந்துடுச்சு, நீ வரலியே! என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அடுத்த பஸ்ல வரேன்," என்று சொல்லிவிட்டு இன்னொரு தே தாரேக் டீக்குச் சொன்னேன்.