டீச்சர் வரைந்த படிக்கட்டு

பதுளையில் நடந்த கணித மாநாட்டில் நான் உரையை முடித்ததும், முன்வரிசையில் இருந்த வெளிநாட்டுப் பேராசிரியர் கையை உயர்த்தினார். என் கடைசி ஸ்லைட் இன்னும் திரையில் இருந்தது. கட்டம் போட்ட தாளில் இறங்கும் ஒரு படிக்கட்டு. அதன் மூலைகளில் சிவப்புப் புள்ளிகள். "இந்த உதாரணத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டார். மனிதர் உண்மையாகவே வியந்துபோயிருந்தார். மண்டபத்தின் கடைசி வரிசையில், வெளிர்நீலச் சேலையில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, அதைக் கண்டுபிடித்தவர் உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு பேராசிரியர் பக்கம் திரும்பி, "கொஞ்சம் பொறுமை, கொஞ்சம் அதிர்ஷ்டம்" என்றேன். மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

அவரை நான் டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை சேர் என்பார். அதற்காக அவரை என்னைவிட மூத்தவர் என்று நினைக்க வேண்டாம். ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பில் படித்து, ஒரே நாளில் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு நியமனம் பெற்று வந்தவர்கள் நாங்கள். இருவருமே லயத்துப் பிள்ளைகள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். அவருடைய தோட்டம் பசறைப் பக்கம், என்னுடையது அப்புத்தளைக்கு மேலே. ஆசிரியர் அறையில் மற்றவர்கள் இடமாற்றத்தைப் பற்றியும் மழையில் உடைந்த பாதையைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்க, நாங்கள் தவணைப் பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுச் சண்டை பிடிப்போம். "ரெண்டும் ஆரம்பிச்சிருச்சு" என்று பாடசாலை அதிபர் தலையில் அடித்துக்கொள்வார். சண்டையில் பெரும்பாலும் டீச்சர்தான் ஜெயிப்பார். இரண்டு வருடத்தில் எனக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது, பிறகு வெளிநாட்டுப் படிப்பு. டீச்சர் அங்கேயே இருந்தார். நீங்கள் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதே மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் துறைக்குப் பரிவர்த்தனை அட்சரகணிதம் என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நான் சொன்ன படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு எண்கள்: எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம். எந்த இரண்டு மூலைகளை எடுத்து எண்களைக் கூட்டினாலும் ஒரு புதிய புள்ளி வரும். அந்தப் புள்ளிகளிலிருந்து இன்னொரு பெரிய படிக்கட்டு பிறக்கும். பெரிய படிக்கட்டில் மூலைகளும் கூடத்தானே வேண்டும்? எப்போதும் கூடாது, சில வேளை குறையும் என்பது துறையில் உள்ளவர்களுக்குத் தெரியும். ஆனால் நான் எடுத்துக்கொண்ட ஒரு வகைப் படிக்கட்டில் மட்டும் ஒருபோதும் குறையாது என்று ஒரு தேற்றம் எழுதி, பதுளை மாநாட்டுக்கு அனுப்பி உரைக்கு இடமும் வாங்கிவிட்டேன். நிறுவலில் ஓர் இடம் மட்டும் செருப்புக்குள் கல் போல உறுத்திக்கொண்டிருந்தது. டீச்சருக்கு அனுப்பினேன்.

நாலாம் நாள் என் போனுக்கு ஒரு படம் வந்தது. வரைபுத்தாளில் பென்சிலால் வரைந்த படிக்கட்டு. கூடவே அவருடைய குரல்: "சேர், இதுல குறையுதே. ரெண்டு தரம் எண்ணிப் பார்த்துட்டேன். நீங்களும் ஒருக்கா எண்ணிப் பாருங்க." எண்ணிப் பார்த்தேன். குறைந்தது. என் தேற்றம் செத்துப்போனது. அந்தப் படம் வந்திருக்காவிட்டால் மேடையில் என் மூக்கு உடைந்திருக்கும். ஒரு நிபந்தனையைச் சேர்த்துத் தேற்றத்தைக் காப்பாற்றினேன். அந்த நிபந்தனை ஏன் வேண்டும் என்று காட்ட டீச்சரின் படிக்கட்டைக் கடைசியில் வைத்தேன். உரையின் உயிரே அதுதான். அன்றே போன் பண்ணி, "நம்ம ரெண்டு பேரு பேருலயும் போடுறேன் டீச்சர்" என்றேன். அவர் கேட்டார்: "ஸ்கூல் பேரும் வருமா சேர்? பிள்ளைங்க யூனிவர்சிட்டி போக உயர்தரத்துக்குக் கணிதப் பிரிவு கேட்டு அமைச்சுக்கு எழுதிக்கிட்டே இருக்கோம். இதயும் சேர்த்து வெச்சா எடுபடும்." வரும் என்றேன். வராமல் எப்படி, முதல் ஸ்லைடிலேயே வரும் என்றேன்.

மாநாட்டுக்கு ரயிலில் போனேன். மடிக்கணினியைத் திறந்து முதல் ஸ்லைடைப் பார்த்தபோது வண்டி அப்புத்தளையில் நின்றிருந்தது. கணிதத்தில் ஒரு வழக்கம் உண்டு. சேர்ந்து செய்த வேலை என்றால் பெயர்களை ஆங்கில அகரவரிசையில் போடுவோம்; யார் பெரியவர், யார் அதிகம் செய்தார் என்ற பேச்சே கிடையாது. அதனால் டீச்சரின் பெயர் மேலே, என் பெயர் கீழே. எங்களவர்களுக்கு இது தெரியும். ஆனால் அன்று மண்டபத்துக்கு வரவிருந்த எங்கள் பல்கலைக்கழகப் பீடாதிபதி வேறு துறைக்காரர். அவர்கள் துறையில் முதல் பெயர்தான் முதல் ஆள். அவர் அடுத்த மாதம் என் பதவி உயர்வு நேர்முகத்தில் இருக்கப்போகிறவர். அது மட்டும் என்றால்கூட ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். டீச்சரின் பெயருக்கு அடியில் அந்தத் தோட்டப் பாடசாலையின் பெயர் இருந்தது. அதைப் பார்த்தவுடன் எனக்குக் கூச்சமாக இருந்தது. நானும் அங்கே படிப்பித்தேன் என்பதை என் சுயவிவரத்தில் எங்குமே எழுதியதில்லை. யன்னலுக்கு வெளியே என் ஊர் மலை மூடுபனியில் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. வண்டி நகர்வதற்குள் இரண்டு வரிகளையும் அழித்துவிட்டேன். நன்றியுரையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதையும் சொல்லவில்லை.

டீச்சர் அரை நாள் லீவு போட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். தேநீர் இடைவேளையில் நானும் அந்தப் பேராசிரியரும் நின்றிருந்த இடத்துக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் இன்று எனக்கு இவ்வளவு பாரம் இருந்திருக்காது. தணிந்த குரலில் தமிழில் சொன்னார்: "சேர், நாலாவது மூலையில பதினஞ்சு வரணும். நீங்க பதிமூணுன்னு போட்டுட்டீங்க. பதிமூணுன்னா குறையாது." திருடிய பொருளைச் சரியாகத் தூக்கிக்கொண்டு வரவும் எனக்குத் தெரியவில்லை. பேராசிரியர் யார் இவர் என்பதுபோல் சிரித்த முகத்துடன் பார்த்தார். எனக்கு இரண்டாவது வாய்ப்பு அது. "இந்தப் பக்கத்து ஆசிரியை ஒருவர், மாநாட்டைப் பார்க்க வந்திருக்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். டீச்சருக்கு என்னைவிட நல்ல ஆங்கிலம் தெரியும். அவர் பேராசிரியருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, கையிலிருந்த தேநீரைக் குடித்து முடிக்காமலே போய்விட்டார்.

கட்டுரை என் பெயரில் மட்டும் வெளியானது. பதினைந்து என்று திருத்தியிருந்தேன்; அதில் மட்டும் நேர்மை. பதவி உயர்வும் வந்தது. சில வருடங்களாக அந்தப் படிக்கட்டை மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் எடுத்தாளத் தொடங்கியிருக்கிறார்கள், என் பெயரால். போன மாதம் ஓர் இணையவழி மாநாட்டில், என்னை அறியாத ஓர் இளம் பெண் திரையில் அதைக் காட்டி என் பெயரை உச்சரித்தாள். கமெராவை அணைத்துவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டேன். அடுத்த வாரமே மடுல்சீமைக்கு பஸ் ஏறினேன்.

பாடசாலையில் உயர்தரக் கணிதப் பிரிவு இன்னும் வரவில்லை. மணி அடித்த பிறகு, பத்தாம் வகுப்பு அறையில் ஆறு பிள்ளைகளுக்கு டீச்சர் தானாகவே உயர்தரக் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். என்னை வாசலில் கண்டதும், "வாங்க சேர், உள்ள வாங்க" என்றார், நேற்றுத்தான் பார்த்துப் பிரிந்தது போல. பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். சுவரில் அந்தப் படிக்கட்டு பெரிதாக ஒட்டியிருந்தது. மேலே, பிள்ளைகளின் கையெழுத்தில், என் பெயர். "இந்த சேருதான் அது" என்று டீச்சர் சொன்னதும் ஒரு பிள்ளை, கேட்காமலே, எத்தனை மூலைகள் எப்படிக் குறைகின்றன என்று பிசகில்லாமல் சொன்னாள். அவளுடைய அம்மா கொழுந்து எடுக்கிறாராம். "பிள்ளைகளே, இது என்னோடது இல்ல. இதைக் கண்டுபிடிச்சது உங்க டீச்சர்" என்றேன்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். "சேர் பெருமையில்லாம பேசுறாங்க" என்று ஒரு பையன் சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள். உண்மையைச் சொல்லியும் பாராட்டை வாங்கிக்கொண்டு நின்றேன். வெளியே வந்ததும், "நீங்களாவது சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றேன். கேட்ட கணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நான் சொன்னா எப்புடி சேர் நம்புவாங்க? பேப்பர்ல யாரு பேரு இருக்கோ அவங்களோடதுன்னு நான்தானே படிச்சுக் குடுத்திருக்கேன்" என்றார். குரலில் கோபம் இருந்தது. அத்தனை வருடத்தில் முதல் தடவையாக அதைக் கேட்டேன். பேப்பரைத் திருத்துகிறேன், அதற்கு உங்கள் கையெழுத்தும் வேண்டும் என்றேன். "அனுப்புங்க. வாசிச்சுப் பார்த்துட்டுப் போடுறேன்" என்று உள்ளே போய்விட்டார்.

சஞ்சிகையின் திருத்தப் படிவத்தில், விடுபட்ட ஆசிரியரைச் சேர்ப்பதற்குக் காரணம் கேட்டு ஒரு கட்டம் இருக்கிறது. எல்லோரும் எழுதுவதைத்தான் நானும் எழுதினேன்: தவறுதலாக விடுபட்டது. பாடசாலையின் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதி, கவனமாக மடித்துத் தபாலில் அனுப்பினேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக நிம்மதிகூட வந்தது. போன திங்கட்கிழமை படிவம் திரும்பி வந்தது. கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது. 'தவறுதலாக' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில், பரீட்சைத் தாளில் எழுதுவது போலவே, ஒரே ஒரு சொல்: நிறுவுக.

என்னால் நிறுவ முடியாது. புதிய படிவம் ஒன்றை எடுத்து, அந்தக் கட்டத்தில், அவர் பெயரை நானே அழித்தேன் என்று எழுதினேன். ஏன் அழித்தேன் என்பதையும் எழுதினேன். நேற்று அதைத் தபாலில் சேர்த்திருக்கிறேன். அவர் கையெழுத்துப் போடுவாரா என்று தெரியவில்லை.