காப்பார் வேனும் கணக்கு டாக்டரும்

வங்கியோ வடைக் கடையோ, ரமணி நீளமான வரிசையில்தான் போய் நிற்பார். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் குட்டை வரிசைக்காரர்கள் பரிதாபப்பட்டு, "ஆன்டி, இந்தப் பக்கம் வாங்க லா, ஆளே இல்ல" என்று கூப்பிட்டாலும் அசையமாட்டார். "அங்க நிக்கிறவரு சில்லறை தேடியே பொழுத ஓட்டுவாரு. இந்தக் கடைக்காரர் கை வேகத்தப் பாருங்க" என்பார். சில நாள் அவர் கணிப்பு தவறும். அன்றைக்குத்தான் முகத்தில் களை கூடும். எங்கே தவறியது என்று நோண்டிப் பார்க்க ஒன்று கிடைத்துவிட்டதல்லவா.

ஐம்பதைத் தாண்டியவர். பல்கலைக்கழகத்தில் புள்ளியியலும் செயல்முறை ஆராய்ச்சியும் சொல்லித்தருகிறார். இருக்கிற வண்டி, இருக்கிற ஆள், இருக்கிற நேரம் இவற்றை வைத்து வேலையைச் சிந்தாமல் சிதறாமல் முடிப்பது எப்படி என்று கணக்குப் போடும் படிப்பு அது. போட்ட கணக்கை ஆராய்ச்சி இதழில் அச்சேற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது அவருக்கு ஆகாது. "சமைச்சதை யாரும் சாப்பிடாம மூடி வைக்கிறதா?" என்பார். அதனால் கையுறை ஆலை, ரொட்டி ஆலை என்று தட்டையான செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். கைப்பையில் வலித் தைலமும் வறுத்த கடலையும் எப்போதும் இருக்கும்.

இந்த முறை அவர் போய் இறங்கியது கிள்ளான் நகரில், திருச்செல்வத்தின் வேன் நிறுவனத்தில். சிறுநீரகம் பழுதானவர்களை வீட்டில் ஏற்றி, டயாலிசிஸ் நிலையத்தில் சேர்ப்பது அதன் வேலை. பல்கலைக்கழகமும் நிறுவனமும் ஒப்பந்தம் போட்டுப் படம் பிடித்துக்கொண்டன. நிலையத்துக்கு அழைத்துப்போய், "டாக்டர் வந்திருக்காங்க" என்று திருச்செல்வம் அறிமுகப்படுத்தியதும் அங்கே காத்திருந்த ஒரு பாட்டையா காலை நீட்டிவிட்டார்.

"நான் கணக்கு டாக்டர் லா, அங்கிள்."

"எந்த டாக்டரா இருந்தா என்ன? வீங்கியிருக்கா இல்லையா, பாத்துச் சொல்லும்மா."

ரமணி குனிந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பள்ளம் விழுந்தது; நிரம்பவில்லை. "வீங்கித்தான் இருக்கு. நர்ஸுகிட்ட இப்பவே காட்டுங்க" என்றார். தெரிந்ததைச் சொல்லவும் தெரியாததை உரியவரிடம் அனுப்பவும் அறிந்த பெண்.

சிக்கல், கிள்ளானுக்கு வடக்கே இருக்கும் காப்பார் ஊருக்குப் போகும் தடத்தில். அங்கிருந்து வருகிறவர்கள் எப்போதும் தாமதம். தாமதமாக வந்தவருக்காக இயந்திரம் காத்திருக்காது. அடுத்த ஆள் வாசலில் நிற்பார். வந்தவரின் சிகிச்சை நேரத்தை வெட்டிவிடுவார்கள். வெளியேற வேண்டிய நீர் உடம்பிலேயே தங்கும். அப்புறம் படுத்தால் மூச்சு முட்டும். நிலையத்தின் புகார் தாங்காமல் காப்பாரையே விட்டுவிடலாம் என்ற முடிவுக்குத் திருச்செல்வம் வந்திருந்தார். விட்டால், மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வர முடியாதவர்கள் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

ரமணி போட்டுத் தந்த புதிய நேர அட்டவணை கணினியில் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு ஓடியது. திங்கட்கிழமை சாலையில் இறங்கியதும் படுத்துக்கொண்டது.

"கம்ப்யூட்டர்ல ஓடுற வேன் காப்பார்ல ஓடாது, டாக்டர்" என்றார் திருச்செல்வம். "இன்னும் ஒரு வாரம் பாப்பேன். அப்புறம் நிறுத்திடுவேன்."

வேறொருவராக இருந்தால் ஓட்டுநர்களைக் கடிந்திருப்பார். ரமணி கடலையைக் கொறித்தபடி, வேன் வந்ததையும் கிளம்பியதையும் ஓட்டுநர்கள் கைப்பேசியில் அமுக்கிய நேரப் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்து வருகிறவரும் சக்கர நாற்காலியில் வருகிறவரும் ஏறுவதற்கு எடுத்த நேரம் ஏறக்குறைய ஒன்று என்றது பதிவு. "இப்படி இருக்கச் சான்ஸே இல்ல" என்று எழுந்தார்.

மறுநாள் காப்பார் தடத்து ஓட்டுநர் ஜாபர் அலியின் வேனில் முன்னிருக்கையில் ரமணி. காப்பாரில் இராஜம்மா என்ற நோயாளியின் வீட்டுக்கு இன்னும் இரண்டு சந்து இருக்கும்போதே, ஜாபர் அலி கைப்பேசியில் 'வந்தாச்சு' பொத்தானை அமுக்கினார்.

"அண்ணே, இன்னும் வரவே இல்லையே?"

"இப்ப அமுக்கினாத்தான் அங்க அவங்க போன்ல மணி அடிக்கும், மேடம். மணி அடிச்சாத்தான் சேலைய சரி பண்ணிக்கிட்டுக் கிளம்பும் அந்த அம்மா. வாசல்ல போய் அமுக்கினா அன்னிக்குப் பூரா அங்கதான்."

வாசலில் வேன் நின்றது. இராஜம்மா உள்ளே நாற்காலியில் சாவகாசமாக இருந்தார். ஹார்ன் அடித்த பிறகே கைத்தடியைத் தேடினார்.

"மணி அடிச்சுச்சே, கேக்கலையாம்மா?" என்றார் ரமணி.

"கேட்டுச்சு. மணி அடிச்சா வேன் இன்னும் எங்கயோ வருதுன்னு அர்த்தம். இவன் என்னிக்கு நேரத்துக்கு வந்தான்?"

"நீங்க என்னிக்கு நேரத்துக்கு எறங்கினீங்க?" என்றார் ஜாபர் அலி.

ரமணி வேனைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். இவர் அவரை ஏமாற்ற, அவர் இவரை ஏமாற்ற, அந்தக் கூட்டுப் பொய்யைத்தான் அவருடைய கணக்கு மாதக்கணக்கில் தின்று வளர்ந்திருக்கிறது.

பொத்தான் பதிவுகளை அப்படியே தள்ளினார். வேன் எங்கே, எவ்வளவு நேரம் உண்மையில் நின்றது என்று வேனிலிருந்த தடங்காட்டிக் கருவி தனியே குறித்து வைத்திருந்தது. அதை வைத்து மறுபடி கணக்குப் போட்டார். ஒரு நாற்காலியை ஏற்றிக் கட்டும் நேரத்தில் நடக்கிறவர்கள் நாலு பேர் ஏறிவிடலாம் என்று தெரிந்தது. அதுவரை காப்பாருக்குப் போன இரண்டு வேன்களும் வழியில் இருந்தவர்களைக் கலந்து ஏற்றி வந்தன. இனி சாய்வுப் பலகை உள்ள வேன் நாற்காலிக்காரர்களுக்கு மட்டும், மற்றவர்களுக்கு இன்னொன்று. மணியை ஓட்டுநர் கையிலிருந்து பிடுங்கினார். வேன் அவரவர் சந்தில் திரும்பியதும் அது தானாக அடிக்கும். காப்பார்க்காரர்கள் ஒவ்வொருவரையும் அவரே அழைத்துச் சொன்னார்: "இனிமே மணி அடிச்சா வேன் வாசல்ல. உக்காந்திருந்தா வேன் போயிடும், ஆன்டி. நான்தான் போகச் சொல்லியிருக்கேன்."

அடுத்த திங்கட்கிழமை டயாலிசிஸ் நிலையத்துத் தாதியர் கையுறை போட்டு முடிப்பதற்குள் காப்பார்க்காரர்கள் எடை பார்த்து, அவரவர் படுக்கையில் கையை நீட்டியிருந்தார்கள். செவ்வாயும் அப்படியே. வாரம் முழுதும் யாருடைய நேரமும் வெட்டப்படவில்லை. இராஜம்மா முழு நான்கு மணி நேரமும் முடித்து எழுந்து, "பசிக்குது" என்றார். கழிவு நன்றாக இறங்கியதன் அறிகுறியாகத் தாதியர் கேட்க விரும்பும் சொல் அது.

சனிக்கிழமை திருச்செல்வத்தின் அலுவலகத்தில் ஜாபர் அலி மார்பை நிமிர்த்தி நின்றார். "நிலையத்துல நம்மளத்தான் காத்திருக்கச் சொல்றாங்க, பாஸ். கதவே தொறக்கல."

திருச்செல்வம் நாற்காலியில் சாய்ந்தார். "தோத்துட்டேன், டாக்டர். காப்பார் இருக்கட்டும். வேனுக்குப் பாதி பகல் ஓய்வு வேற கிடைக்குது. காப்பாரையும் தாண்டி ஜெராம்ல இருந்துகூட ஆளுங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. தூரம்னு சொல்லிட்டேன்."

ரமணி எழுந்து, சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்துக்கு முன்னால் போய், திருச்செல்வத்தின் சட்டைப் பையிலிருந்து கேட்காமல் எடுத்துவந்த பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினார். காப்பாரோடு நின்றிருந்த வேன் தடக் கோட்டை ஜெராம் வரைக்கும் இழுத்தார்.