அந்தோனியாரின் தலை நனைந்த பருவம்

எங்கள் வீட்டுச் சுவரில் கலியாணப் படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. கொம்யூன் என்னும் நகரசபை அலுவலகத்தில் பதிவு முடிந்த கையோடு யாரோ ஒரு டெனிஷ்காரர் எடுத்தது. மனைவி அழகாக நிற்கிறாள். இரவல் கோட்டுக்குள் நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நிற்கிறேன். ஜெபம் செய்தேன் என்று நான் சொல்வேன். பயத்தில் உயிர் போய்விட்டது என்று அவள் சொல்வாள். எங்களுக்குள் உள்ள ஒரே வழக்கு இதுதான் என்று எழுத ஆசை. ஆனால் இதை அவளும் வாசிப்பாள்.

ஆகவே இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு, டெனிஷ்காரர் வெள்ளிக் கலியாணம் என்று கொண்டாடும் நாளுக்கு, அவள் நகை கேட்கவில்லை, பயணம் கேட்கவில்லை. ஒரு நல்ல படம் கேட்டாள். டிசம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்றுக்கு கோல்டிங்கிலிருந்து தமிழ்ப் படப்பிடிப்பாளரையும் ஒழுங்கு செய்துவிட்டாள்.

"நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம். வடிவா நிண்டாக் காணும்" என்றாள்.

வடிவாக நிற்பதில் எனக்கு என்ன சந்தேகம்? எங்கள் ஊரான ஹொல்ஸ்டெப்ரோவின் தமிழரில் என் வயதுக்காரர் பலருடைய உச்சியில் விமானம் இறக்கலாம். என் தலையில் மட்டும் காடு. அந்தக் காட்டுக்கு மாதம் ஒருமுறை கறுப்பு மை பூசுவது என் சொந்த விடயம்.

அந்த வருடம்தான் பிரேசில்காரன் வந்து சேர்ந்தான். நான் வேலை செய்யும் ஜன்னல் தொழிற்சாலையில் கண்ணாடி பொருத்தும் பகுதிக்குப் புதிதாக வந்தவன். முதல் நாளே போய்க் கையைக் கொடுத்து, உலகக் கிண்ணம் வந்தால் மஞ்சள் சட்டையைக் கழற்றாத ஆள் நான், பிரேசில் உதைபந்தாட்டத்தில் எனக்குத் தெரியாதது இல்லை என்று அறிமுகம் செய்துகொண்டேன். நாங்கள் கதைத்தது டெனிஷில். அதை டெனிஷ்காரர் கேட்டால் அழுவார்கள் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

"நல்லது. எங்கட உள்ளூர் லீக்கிலை உனக்கு எந்தக் கழகம்?" என்று கேட்டான்.

உள்ளூர் லீக் என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். "எல்லாக் கழகமும்" என்றேன், தலையை நிமிர்த்தி.

"எல்லாம் எண்டால் ஒண்டும் இல்லை. இண்டையிலிருந்து என்ர கழகம்தான் உன்ர கழகம், மச்சான்." மச்சான் என்ற சொல்லை அரை மணி நேரத்துக்கு முன்தான் நான் படிப்பித்திருந்தேன்.

அந்தக் கழகத்தின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் மறுபடி கீழே போய்விடுமோ என்று இன்றைக்கும் ஒரு பயம். கீழே போவதென்றால் இதுதான்: இருபது கழகங்கள் இங்கே வசந்தம் வரும்போது தொடங்கி டிசம்பர் வரை ஒவ்வொன்றோடும் இரண்டு முறை விளையாடும். முடிவில் கடைசி நான்கும் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்படும். உலகக் கிண்ணத்தில் தோற்றால் ஒரு வாரத்தில் ஆறிவிடும். இதுவோ ஏப்ரலில் பிடித்த காய்ச்சல், விடவே இல்லை. ஒக்டோபரில் எங்கள் கழகம் கடைசி நான்குக்குள் சப்பணம் கட்டி உட்கார்ந்திருந்தது.

ஆட்டங்களை எங்கள் வீட்டில்தான் பார்ப்போம். அந்த ஒக்டோபரில் ஒரு ஞாயிறு, பிரேசிலில் பகல் ஆட்டம், இங்கே பின்னேரம். மனைவி முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போயிருந்தாள். எங்கள் கழகம் ஒரு கோல் பின்னால். நான் பதறவில்லை. கதிரைக்கும் கதவுக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். பிரேசில்காரனின் கண் எங்கள் அலுமாரிக்கு மேல் நின்ற புனித அந்தோனியாரின் சிறு சுரூபத்தில் விழுந்தது.

"இவர் இஞ்சை என்ன செய்யிறார்?"

"எங்கட வீட்டுக் காவல்" என்றேன்.

"எங்கட ஊரிலை பொம்பிளையள் மாப்பிள்ளை கிடைக்கிற வரைக்கும் இவரைத் தலைகீழா வைப்பினம். தண்ணிக்குள்ளையும் வைப்பினம். ஆள் உடனே வேலை செய்வார்."

"எங்களுக்கு மாப்பிள்ளை தேவையில்லையே."

"கோல் தேவையெல்லோ?"

நான் வாயைத் திறப்பதற்குள், மேசையிலிருந்த பூச்சாடியில் பூவை எடுத்துவிட்டு அந்தோனியாரைத் தலைகீழாக இறக்கிவிட்டான். சாடிக்கு வெளியே இரண்டு காலும் அங்கியின் விளிம்பும் மட்டும் தெரிந்தன. எங்கள் சனம் அந்தோனியாருக்கு முன்னால் சத்தமாகத் தும்மவும் யோசிக்கும். எடுக்கக் கையை நீட்டினேன்.

கோல்! தொலைக்காட்சியில் எங்கள் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள்.

"தொடாதை!" என்று கத்தினான். "இன்னும் பத்து நிமிசம் கிடக்கு."

வெளியே காரின் கதவு சாத்தும் சத்தம். மனைவி.

டென்மார்க்கில் வீட்டுக்குள் வருபவர் சப்பாத்தைக் கழற்ற வேண்டும், மழைக்கோட்டைக் கொழுவ வேண்டும். அந்த நல்ல பழக்கம்தான் அன்று என்னைக் காப்பாற்றியது. அவள் இரண்டாவது சப்பாத்துக்குக் குனிந்திருப்பாள், நான் அந்தோனியாரை இழுத்தெடுத்து அலுமாரிக்கு மேல் நிறுத்திவிட்டேன். நெற்றியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் என்னைப் பார்த்தார். சுற்றிவர மயிர், நடுவில் வழித்த உச்சி. அந்த வழித்த உச்சியைப் பார்த்ததும் என் வாய் தன்பாட்டில் முணுமுணுத்தது: "பொறுத்துக்கொள்ளும் சுவாமி. கழகத்தைத் தப்ப வையும். தப்பினால் அடுத்த நாளே மொட்டையடிக்கிறன்."

பதறாத ஆள் வைக்கும் நேர்த்திக்கடனா இது?

மனைவி உள்ளே வந்தாள். அலுமாரியைப் பார்த்தாள். "அந்தோனியாருக்கு ஏன் தலை நனைஞ்சிருக்கு?"

"தூசு துடைச்சனான்."

"நீங்களோ?" பிரேசில்காரனைப் பார்த்தாள். அவன் பூங்கொத்தை அவளிடம் நீட்டினான். அது அவளுடைய பூ.

ஆட்டம் சமநிலையில் முடிந்தது. படுக்கப் போகும்போது கண்ணாடியில் தலையைச் சீவினேன். அப்போதுதான் டிசம்பர்ச் சனிக்கிழமைப் படம் நினைவுக்கு வந்தது. லீக்கின் கடைசி ஆட்டம் ஞாயிறு. படம் அடுத்து வரும் சனி. நடுவில் மயிர் முளைக்க ஆறு நாள் கூட இல்லை.

அதன் பிறகு எங்கள் கழகம் வெல்லத் தொடங்கியது. ஒவ்வொரு வெற்றிக்கும் பிரேசில்காரன் துள்ளினான், நான் தலையைத் தடவினேன். மாதத்துக்கு ஒருமுறை தமிழ்ப் பூசைக்கு வரும் சுவாமியாரைத் தனியாகப் பிடித்து, நேர்த்தியை மாற்ற வழி உண்டா என்று கேட்டேன்.

"மாத்தலாம். மெழுகுதிரி கொளுத்தலாம், ஏழையளுக்குச் சாப்பாடு குடுக்கலாம்" என்றார். எனக்கு உயிர் வந்தது. "ஆனா நீர் அவரைத் தண்ணியிலை தாட்டதா உம்மடை பிரேசில் சிநேகிதன் சொன்னவர்."

"நான் இல்லைச் சுவாமி, மற்றவர்!"

"வீடு உம்மடை வீடுதானே. பாவம், மூச்சுத் திணறியிருப்பார். தலைமயிர்தானே, குடுத்துவிடும்."

அவர் சிரித்த சிரிப்பு கோவில் வாசல் வரை கேட்டது.

கடைசி ஞாயிறு வந்தது. தோற்காவிட்டால் போதும், தப்பிவிடுவோம். இந்த ஆட்டத்தை நடுநிலையாகப் பார்ப்பது என்று நான் தீர்மானித்திருந்தேன். தப்பினால் நண்பனுக்கு மகிழ்ச்சி. தோற்றால் படத்தில் காடு. இரண்டில் எது நடந்தாலும் எனக்கு லாபம் என்று சோற்றைப் பிசைந்தபடி இருந்தேன். கோல் எதுவும் விழாமலே ஆட்டம் முடியப் போனது. அப்போது நடுவர் எங்கள் பக்கத்துக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தார்.

பிரேசில்காரன் தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். "நீ பாத்துச் சொல்லு. என்னாலை ஏலாது."

உதைப்பவன் பந்தை வைத்தான், பின்னால் நடந்தான். கோல் போனால் என் மயிர் தப்பும். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே கதிரைக்கு மேல் ஏறி நின்று, சோற்றுக் கையோடு, "பிடியடா! வலப்பக்கம் பாயடா!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

எங்கள் கோல் காப்பவன் இடப்பக்கம் பாய்ந்தான். என் சொல்லைக் கேட்காததால் பந்தைத் தட்டிவிட்டான்.

பிரேசில்காரன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். நானும் அழுதேன். அவன் அழுத காரணம் ஒன்று, என்னுடையது இரண்டு. குசினியிலிருந்து வந்த மனைவி, கதிரையில் ஒட்டிக்கிடந்த சோற்றைப் பார்த்துவிட்டு, "தப்பியாச்சுத்தானே, பிறகேன் இந்த ஒப்பாரி?" என்றாள்.

அவன் போன பிறகு நேர்த்தியைச் சொன்னேன். பூச்சாடியை மட்டும் சொல்லவில்லை. சுவரிலிருந்த பழைய படத்தை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்தைந்து வருடத்தில் அவள் கேட்டது இந்த ஒன்றுதான்.

"நாளை வரைக்கும் ஏன் பொறுப்பான்?" என்று குளியலறைக்குப் போய், நான் தாடி வெட்டும் மெசினை எடுத்து வந்தாள். "இருங்கோ இதிலை."

"கோவமில்லையே?"

"என்ன கோவம்? உங்கடை மை பட்டு வீட்டிலை ஒரு தலகாணி வெள்ளையா இல்லை. அந்தோனியார் எனக்கெல்லோ அற்புதம் செய்திருக்கிறார்." மெசின் உச்சியில் ஊர்ந்தது. "ஒண்டு மட்டும். இந்த முறை கண்ணை மூடினால் நான் தனியத்தான் படம் எடுப்பன்."

சனிக்கிழமை காலை டெனிஷ் அயலவர்கள் தங்கள் வெள்ளிக் கலியாண வழக்கப்படி வாசலில் பச்சைக் கொப்புகளால் வளைவு கட்டிப் பாடினார்கள். மேற்கு யூட்லாந்துக் காற்று என் மொட்டையில் தாளம் போட்டது. என் தலையைப் பார்த்து ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு நல்ல மனிதர்கள், அவ்வளவு சங்கடம். நாங்கள் இருவரும் வளைவின் கீழ் நின்றோம். படப்பிடிப்பாளர் கமெராவைத் தூக்கினார். கண்ணை மூடாதே, மூடாதே என்று எனக்கே சொல்லச் சொல்ல இமை தானாக இறங்கத் தொடங்கியது.

அப்போது படப்பிடிப்பாளரின் முதுகுக்குப் பின்னால் பிரேசில்காரன் கையை உயர்த்தினான். கையில் எங்கள் வீட்டு அந்தோனியார், காலில் பிடித்தபடி, தலைகீழாக.

அந்தப் படம்தான் இப்போது சுவரில் இருக்கிறது. மனைவி அழகாகச் சிரிக்கிறாள். பக்கத்தில் ஒரு மொட்டைத் தலை, அதில் இரண்டு கண்கள் விழுந்துவிடுவது போலத் திறந்திருக்கின்றன. வருகிறவர்களுக்கெல்லாம் அவள் பெருமையோடு காட்டுகிறாள்.

"பாருங்கோ, இவர் என்னை இப்பிடிப் பார்த்தது இதுதான் முதல்தரம்."

நான் மறுக்கவில்லை. அலுமாரிக்கு மேல் நிற்பவரும் மறுக்கவில்லை.