வாய்விட்டுச் சொன்ன டாக்டர்

"டாக்டரு வாயால சொல்றத வுட மூலைல கீற எழுத்து ஒனக்குப் பெர்சாப் போச்சா?" என்று அப்பா கேட்டார்.

அவர் கையிலிருந்த போனில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், சர்க்கரை நோய்க்கான ஒரு பொடியைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். அதை வெந்நீரில் கலந்து குடித்தால் மாத்திரையே வேண்டாமாம். படத்தின் ஓரத்தில் எறும்பு அளவில் 'கட்டண விளம்பரம்' என்று எழுதியிருந்தது. அதைத்தான் நான் படித்துக் காட்டியிருந்தேன்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கணக்கில் முதுகலை முடித்து, உத்திரமேரூரில் ஒரு பள்ளியில் பாடம் நடத்துகிறேன். பூச்சிமருந்து டப்பாவோ பேங்க் பாஸ்புக்கோ, எதுவானாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். நான் படித்துச் சொன்னதை அப்பா அதுவரை மறுத்ததில்லை.

அன்று மறுத்தார். ஆஸ்பத்திரியில் தந்த சர்க்கரை மாத்திரையை ஏற்கெனவே நிறுத்திவிட்டிருந்தார். வரப்பில் நடந்தபோது குதிகாலில் கருவேல முள் ஏறியிருந்தது. முள்ளை எடுத்த பிறகும் புண் ஆறவில்லை. எனக்கு அந்தக் காலைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"நீ படிச்சது கணக்கு. அவரு படிச்சது வைத்தியம்."

"அவரு பொடி விக்கறாரு நைனா."

"நாமகூடத்தான் நெல்லு விக்கறோம். அதுக்குன்னு நாம பேசறதெல்லாம் பொய்யா?"

"கணக்கு டீச்சருக்கே கணக்கு சொல்லிக் குடுக்கறாரு பாரு" என்று அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள்.

ஒரு பெண் டாக்டரின் வீடியோக்களை நான் தொடர்ந்து பார்த்து வந்தேன். டூட்டி முடிந்த களைப்பு முகத்தில் அப்படியே தெரியும். தெரியாததைத் தெரியாது என்பார். அவருடைய வீடியோவின் கீழே எழுதினேன்: 'என் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நீங்கள் எழுத்தில் போடும் எச்சரிக்கை எதுவும் அவருக்குப் போய்ச் சேராது. பொடியை நம்பி மாத்திரையை விட்டுவிட்டார். காலில் புண்.' எத்தனையோ பேர் எழுதும் இடம் அது. பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் மாலை அவருடைய புது வீடியோ வந்தது. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் போனிலேயே ஓடவிட்டேன்.

"ஒரு பொண்ணு அவங்க அப்பாவைப் பத்தி எழுதியிருந்தாங்க. ஐயா, அந்தப் பொடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. உங்க காலை நான் பார்க்கல, அதனால இங்கேருந்து மருந்து சொல்ல மாட்டேன். சர்க்கரை இருந்து கால்ல புண் ஆறலைன்னா நாள் தள்ளாம ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. மாத்திரையை நிறுத்தினதையும் மறைக்காம அங்க சொல்லுங்க."

கொஞ்சம் தயங்கினார்.

"இன்னொண்ணு. முன்ன ஒரு சத்துமாவைப் பத்திப் பேசினேன். அதுக்குக் காசு வாங்கினேன். அதைக் கீழ எழுத்துல மட்டும் போட்டேன். படிக்கத் தெரியாதவங்க என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. தப்புதான். இனிமே எதுவானாலும் வாயாலயே சொல்லிடறேன். இந்த வீடியோவுக்கு யாரும் எனக்குக் காசு தரல."

எனக்கு வியப்பாக இருந்தது. அவ்வளவு படித்தவர், அத்தனை பேர் பார்க்க, யாரும் கேட்காமலே தன் தப்பைச் சொல்லிக்கொண்டதை நான் அதுவரை கண்டதில்லை. ஆனால் அதை அப்பாவும் கேட்டுவிட்டார்.

"அப்ப இவளும் துட்டு வாங்கினவதானா" என்றார்.

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அவரோ போனைக் கீழே வைக்கவில்லை. "திருப்பிப் போடு" என்றார். மறுபடியும் முழுதாகக் கேட்டார்.

"துட்டு வாங்கினேன்னு எவனாச்சும் தானா வந்து சொல்லுவானா? இந்தம்மா சொல்லுது. அந்தாளு சொல்லலியே."

பொடிக்காரரின் வீடியோவைப் படத்தை அடையாளம் வைத்துத் தானே தேடி எடுத்து என்னிடம் நீட்டினார். "அந்த மூலைல இன்னா எழுதிக்கீது, இன்னொரு தபா படி."

படித்தேன். "காலைல ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார்.

காலையில் என் வண்டியில் உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் வாயைத் திறப்பதற்குள், அங்கிருந்த டாக்டரம்மாவிடம் "மாத்திரைய நானேதாம்மா நிறுத்திட்டேன்" என்று அப்பாவே சொன்னார். புண் ஆற நாள் பிடித்தது. இப்போது வடு மட்டும் இருக்கிறது.

அந்த டாக்டர் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது. சத்துமாவு வீடியோவை அவர் அழிக்கவில்லை. அதன் தொடக்கத்தில், காசு வாங்கியதைத் தன் குரலில் சேர்த்திருக்கிறார். இன்றும் எப்போதாவது அதைப் போட்டுக் கேட்கிறேன். அதே வியப்பு வருகிறது.

விஷயம் பரவி, எங்களோடு நடவுக்கு வரும் பெண்களும் போனை நீட்ட ஆரம்பித்தார்கள். "இது துட்டு வாங்கிக்கினு பேசறதா, பாரும்மே."

நேற்று எங்கள் ஊர் வாட்ஸாப் குழுவில் என் முதல் குரல் பதிவைப் போட்டுவிட்டேன். "நான் டாக்டர் இல்ல, கணக்கு படிச்சவ" என்றுதான் தொடங்கினேன். "இதுக்கு எனக்கு யாரும் துட்டு குடுக்கல. மூலைல எழுதிக்கீறத மட்டும் படிச்சுச் சொல்றேன்."