உப்பை முகர்ந்த மாமா

எனக்கு எட்டு வயது. வளைகுடாவில், குதைபியா என்ற பகுதியில் இருந்த எங்கள் ஃபிளாட்டில், நான் முதன்முதலாக நோன்பு பிடித்த நாள் அது. வாப்பா காலையிலேயே ஊருக்குப் போன் போட்டு, மகள் நோன்பாளியாகிவிட்ட செய்தியைத் தெரு முழுக்கப் பரப்பிவிட்டார். நோன்பு திறக்க என்ன வேண்டும் என்று மாமா கேட்டார். டம்ப்ளிங் என்றேன். உம்மாவின் தம்பியான அவர் ஒரு சீன உணவகத்தில் சமையல்காரர். ரமலான் பகலில் கடை மூடியிருக்கும் என்பதால் வீட்டில்தான் இருந்தார்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மாமா, உம்மா, நான் மூவரும் அடுக்களையில் உட்கார்ந்தோம். மாமா மைதாவை வட்டமாகத் தேய்த்து, நடுவில் கோஸ் கலந்த கோழிக் கொத்துக்கறி வைத்து, கண் இமைப்பதற்குள் ஓரத்தில் ஏழெட்டு மடிப்புப் போட்டு மூடினார். உம்மா செய்தது கொழுக்கட்டையாகவே வந்தது. நான் செய்ததற்குப் பெயரே இல்லை. வாயைப் பிளந்து அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உப்பு சரியா இருக்குமாடா?" என்றார் உம்மா. எல்லோருக்கும் நோன்பு, ருசி பார்க்க ஆளில்லை. நுனிநாக்கில் வைத்துத் துப்பிவிடலாம் என்பார்கள். உம்மாவுக்கு அதற்கும் பயம்.

மடிப்புப் பிரிகிறதா என்று பார்க்க மாமா ஒன்றை மட்டும் வேகவைத்துத் தட்டில் வைத்தார். அழைப்பு மணி அடித்தது, உம்மா போனார். மாமாவும் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அடுத்த நொடி அது என் வாயில் இருந்தது. உப்புக் கரித்தது. இரண்டு தம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தேன். மறந்து சாப்பிட்டால் நோன்பு முறியாது என்பார்கள். நான் மறக்கவில்லை. வாப்பா இனி ஊரில் எப்படித் தலைகாட்டுவார் என்று நினைத்துக்கொண்டே வாயைத் துடைத்தேன்.

முதலில் மாமாதான் திரும்பி வந்தார். காலித் தட்டையும் ஈரத் தம்ளரையும் கழுவப் போட்டார். என்னை ஒருமுறை பார்த்தார். உம்மா வந்ததும் மாமா கறிக் கிண்ணத்தின் மேல் குனிந்து மூச்சை இழுத்தார்.

"லாத்தா, உப்பு கூடிப்போச்சு. இன்னும் கொஞ்சம் கோஸ் அரிஞ்சு போடு."

"மோந்து பாத்தே சொல்றியேடா!" என்று உம்மா வாயில் கைவைத்தார். எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. உப்பை மூக்கால் அறிகிற மனிதர் என் சொந்த மாமா!

பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் வாப்பா என் பக்கம் தண்ணீரை நகர்த்தினார். "அவளுக்குத் தண்ணி போதும் மச்சான். டம்ப்ளிங்க வைங்க" என்றார் மாமா. என்மேல் எவ்வளவு பிரியம் என்று பூரித்துப்போனேன்.

பள்ளியில் பல வருடம் இந்தப் பெருமையைச் சொல்லித் திரிந்தேன். கல்யாணமாகி, நோன்போடு முதன்முறை குழம்பு வைத்த அன்று நானும் சட்டியின் மேல் குனிந்து மூச்சை இழுத்தேன். இஞ்சி மணந்தது, மல்லி மணந்தது. உப்பு மட்டும் மணக்கவே இல்லை. அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அன்று நான் தின்றதை இத்தனை வருடத்தில் மாமா யாரிடமும் சொன்னதில்லை, என்னிடம்கூட.