மையவாடிப் பூ

பனி மூடினாலும் பச்சை மாறாமல் கிடக்கும் இந்தச் செடியைப் பார்த்தால் எனக்கு இன்றும் ஏதோ கனவுக்குள் நிற்கிற மாதிரிதான் இருக்கும். தரையோடு படர்ந்து, மார்ச்சில் நீலமாகப் பூக்கும். பிரான்சில் இதைப் பெர்வான்ஷ் என்கிறார்கள். ஊரில் என் வாப்பா மவுத்தான செய்தி கேட்டு, பக்கத்து வீட்டு மதாம் ஒரு தட்டு நிறைய அதை வேரோடு கொண்டுவந்தார். "உங்களுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வேலியோரம் நட்டுவைத்தேன்.

என் மனைவி நபீசா பார்த்துவிட்டுக் கத்தினாள். "என்ன மச்சான், மையவாடிப் பூவைக் கொண்டாந்து வாசல்ல வச்சிருக்கீங்க? மொதல்ல பிடுங்கிப் போடுங்க!"

அவள் சொன்னதிலும் தப்பில்லை. அதே ஐந்து இதழ், நம் நித்தியகல்யாணியின் சாதிதான். நிறம் மட்டும் வேறு. திருமலைராயன்பட்டினத்தில் நாங்கள் அடக்கம் செய்யும் மையவாடி மணல் முழுக்க அது ரோஸாகப் பூத்துக் கிடக்கும். ஆடுகூட வாய் வைக்காது. எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் வைக்க மாட்டார்கள். அந்த மணலில்தான் இப்போது வாப்பா. "மையித்த வச்சிருக்க முடியாது நானா, அஸர் தொழுகையோட அடக்கிடுறோம்" என்று தம்பி போனில் இந்த அண்ணனிடம் சொன்னான். நான் விமானம் ஏறி, சென்னையில் இறங்கி, ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். பெத்த வாப்பாவுக்கு மூணு பிடி மண் போடாத பிள்ளை நான். அந்தப் பூ அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் எறிந்தேன்.

மதாம் பார்த்துவிட்டார். மறுநாள் போன்ஜூர் இல்லை. இந்த ஊரில் அது நின்றுபோவது லேசுப்பட்ட விஷயமா? மூன்றாம் நாள் நானே போய்க் கதவைத் தட்டினேன். "மன்னிக்கணும் மதாம். எங்க ஊர்ல இது கல்லறையில பூக்கிற பூ" என்று என் ஓட்டைப் பிரெஞ்சில் சொன்னேன்.

"இங்கேயும் அப்படித்தான், முசியே. என் கணவர் கல்லறையிலிருந்துதான் எடுத்து வந்தேன். உங்களுக்குப் போய் நிற்க இங்கே ஒரு கல்லறை இல்லையே என்று."

யா அல்லாஹ்! வீட்டுக்கு ஓடிவந்து தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினேன். செடி வாடக்கூட இல்லை.

திரும்பவும் குழி தோண்டினேன். நபீசா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேர்மேல் மண்ணைத் தள்ளப் போன கை, தானாக ஒரு பிடி அள்ளியது. அப்புறம் இன்னொரு பிடி. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன். பிறகு போட்டேன்.

நேற்று ஜும்ஆ முடிந்ததும் தம்பி மையவாடியிலிருந்து வீடியோவில் வாப்பாவின் கபுரைக் காட்டினான். ரோஸ் பூ அடர்ந்திருந்தது. நானும் போனைத் திருப்பி வேலியோரத்தைக் காட்டினேன்.

"யாரோட கபுரு நானா அது?" என்றான்.

"வாப்பாவோடதுதான்டா" என்றேன்.