திருத்தணி மேட்டில் கேட்ட குரல்

போன வாரம் எங்கள் பாத்திரக் கடை வாசலில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வந்து நின்றார். "யாரு மாதிரி வேணாலும் பேசிக் காட்டுற பையன் இங்க கீறானாமே?" என்று கேட்டார். என்மேல் புகார் சொல்ல வந்த புது ஆள் என்று நான் தராசுக்குப் பின்னால் நகர்ந்தேன். அப்பா விசாரித்தார். திருத்தணி முனிரத்தினம் காலமாகிவிட்டார் என்றும், தான் அவர் மகன் சுப்பிரமணி என்றும் வந்தவர் சொன்னார்.

காஞ்சிபுரத்திலிருந்து அந்தக் கரி பஸ்ஸில் எங்களோடு வந்தவர்களுக்கு முனிரத்தினத்தை நினைவுபடுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸின் முதுகில் உலையைக் கட்டி அடுப்புக்கரியை எரித்து ஓட்டிய காலம். கரி என்றால் யானை என்றும் பொருள் உண்டு என்று தமிழ் வாத்தியார் சொன்னதை, அதில் ஏறிய பிறகுதான் நம்பினேன். என் தங்கை பாப்பாவுக்குத் திருப்பதியில் முடி இறக்கப் போய்க்கொண்டிருந்தோம். திருத்தணியைத் தாண்டி நகரி சாலையில் ஒரு மேட்டில் யானை படுத்துவிட்டது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் அதைத் தள்ளினோம். அது எங்களைத் தள்ளியது. கண்டக்டர் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, விடிந்ததும் பார்க்கலாம் என்று கையை விரித்தார்.

பக்கத்துக் கொல்லையில் மாடு ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் வந்தார்; அவர்தான் முனிரத்தினம். வாயே திறக்கவில்லை. எங்கள் மூட்டைகளில் பெரியதாகப் பார்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். அம்மா பயந்துபோனாள். மூட்டை போன வழியே பஸ் முழுவதும் போனது. அவர் வீட்டில் அவர் மனைவி லட்சுமம்மா எங்களைக் கண்டதும் களி கிண்டப் பெரிய பானையாக எடுத்தாள்.

"எங்க வூட்டுக்காரரு பேச மாட்டாரு, கோச்சிக்காதீங்க" என்றாள். ஒரே மகன் பட்டாளத்தோடு பர்மாப் பக்கம் போன நாளிலிருந்து மௌனமாம். அவன் முழுசாகத் திரும்பி வந்ததும் காவடியோடு மலையேறி, 'அரோகரா' என்றுதான் மறுபடி வாயைத் திறப்பதென்று முருகனுக்கு வேண்டுதல். "மாட்டக்கூட வாயால ஓட்டறதில்ல. பேசிட்டா புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடும்னு பயம்."

பெயரிலேயே முனி இருக்கும் மனிதரைச் சிரிக்கவாவது வைக்கிறேன் என்று, களி சாப்பிட்ட கையோடு ஆரம்பித்தேன். கண்டக்டர் இருமுவது, எங்கள் ஹெட்மாஸ்டர் தும்மிக்கொண்டே திட்டுவது, அப்பா கடன் கேட்பவரிடம் குழைவது என்று எல்லாவற்றையும் பேசிக் காட்டினேன். முனிரத்தினம் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். சத்தம் மட்டும் வரவில்லை. எல்லோருக்கும் கொடுத்த வேர்க்கடலையில் ஒரு கை கூடுதலாக என் மடியில் போட்டார்.

காலையில் உலைக்குக் காற்றடிக்கும் விசிறியைக் கிளீனர் பக்கவாட்டில் நின்று சுற்றிக்கொண்டிருந்தான். அந்த இரைச்சலில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. நாங்கள் முன்பக்கம் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தோம். பாப்பா பஸ்ஸுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, சிந்திய கரித்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. சக்கரத்தின் கல் நழுவி, பஸ் மெல்லப் பின்னால் உருள ஆரம்பித்தது. முனிரத்தினம் எட்ட முடியாத தூரத்தில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாப்பா, இப்பிடி வா!"

இரைச்சலையும் மீறி, அடித்தொண்டையிலிருந்து உடைந்து வந்த குரல். பாப்பா திடுக்கிட்டு அந்தப் பக்கம் குதித்தாள். பஸ் கரியை நசுக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தில் முட்டி நின்றது.

லட்சுமம்மா பாப்பாவைத் தூக்கி அணைத்துக்கொண்டு அழுதாள். பாப்பாவுக்காக மட்டும் அழவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மா முனிரத்தினத்தின் காலில் விழப் போனாள். அவர் விலகி, மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "அழாத. நம்ம புள்ளையும் யாரு கண்ணு முன்னாலயாச்சும்தான நின்னுகினு இருப்பான். அவுங்க கத்துவாங்க." அவ்வளவுதான். குளத்துக்குப் போய் முழுகி, வேண்டுதலைப் புதிதாக ஏற்றுக்கொண்டு ஈரத்துணியோடு வந்தார். நாங்கள் விடைபெற்றபோது மறுபடியும் கைகூப்பல்தான்.

மகன் வந்து காவடி எடுக்கும்போது கட்டாயம் வருவோம் என்று அப்பா சொல்லியிருந்தார். அதன் பிறகு இரண்டு முறை அரக்கோணம் வழியாகத் திருப்பதிக்கு ரயிலில் போனோம். ஜன்னலிலிருந்து திருத்தணி மலைக்கு ஒரு கும்பிடு போட்டதோடு சரி. இறங்கியிருக்கலாம்.

மகன் கப்பலில் வந்துகொண்டிருந்தபோது முனிரத்தினத்துக்கு ஜுரம் கண்டதாம். தண்ணீர் கேட்டதுகூடச் சைகையில்தானாம். சுப்பிரமணி கடை மணையில் உட்கார்ந்து சொன்னார்: "நைனா அன்னிக்கி என்ன சொன்னாருன்னு அம்மா சொல்லிச்சி. எப்பிடிச் சொன்னாருன்னு அதுக்குச் சொல்ல வரல. நீ சொல்லுவேன்னு அனுப்பிச்சி."

பேசிக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொரு வாட்டி என்றார். பிறகு தயங்கி, "அரோகரான்னு ஒருதரம் சொல்லேன்" என்றார். வாயைத் திறந்தேன். வரவில்லை.

"அதை அவர் சொல்லி நான் கேட்டதில்லீங்களே."

"ஆங்" என்றார். "எனக்கும் இந்த வாட்டி அதக் கேக்கக் குடுத்து வைக்கல."

முனிரத்தினத்தோடு எனக்கு ஒரு ராத்திரிப் பழக்கம்தான். அவர் குரல் மட்டும் என்னிடம் இருக்கிறது. வேடிக்கைக்கு அதை எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். ஆனால் கடைத்தெருவில் மாட்டுவண்டிகளுக்கு நடுவே பாப்பா பராக்குப் பார்த்து நின்றால், கூப்பிட வாயைத் திறக்கும்போது அந்தக் குரல்தான் வருகிறது. அவளும் அன்று போலவே குதித்து ஓடி வருகிறாள்.